ஏழு மாடி ஏறிய கால்

அன்புக் கண்ணம்மா,

நீ அனுப்பிய கட்டுரையை நேற்றிரவு இரண்டு முறை படித்தேன். ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் நீ முழுமனதாக இறங்கியிருப்பது தெரிகிறது. ஆனால் ஓரிடத்தை என் மனம் ஏற்கவில்லை. கதைநாயகன் வின்ஸ்டனைக் கோழை என்கிறாய். அவன் வாழும் லண்டனைக் கதைக்கு வெறும் பின்னணி என்கிறாய். இரண்டாவதைத் தவறாகப் படித்ததால்தான் முதலாவதும் தவறிவிட்டது என்று நினைக்கிறேன்.

முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போ. பகலில் மின்சாரம் கிடையாது, லிஃப்ட் ஓடாது. நடைக்கூடத்தில் வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை. 39 வயது மனிதன், வலது கணுக்காலுக்கு மேலே நரம்பு சுருண்டு வந்த புண்ணோடு, நின்று நின்று ஏழு மாடி ஏறுகிறான். அவன் மனம் திறப்பதற்கு முன்பே அந்தக் கால் பேசிவிடுகிறது.

மேலே அவன் அறையைப் பார். வீட்டுக்குள்ளேயே ஆட்களை அரசு கண்காணிக்கும் திரையான டெலிஸ்கிரீனை அங்கே வழக்கத்துக்கு மாறான சுவரில் பொருத்தியிருக்கிறார்கள். அதனால் ஒரு பக்கம், புத்தக அலமாரிக்காக விட்டிருக்கக்கூடிய சிறு மாடம் அதன் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. அங்கே உட்கார்ந்துதான் அவன் நாட்குறிப்பைத் திறக்கிறான். எழுதும் எண்ணத்தை ஓரளவு அந்த அறையின் அமைப்பே தூண்டியது என்று ஆசிரியரே சொல்லிவிடுகிறார். இதை எப்படித் தவறவிட்டாய்? பழைய வாடகை வீட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்தில் ஒடுங்கி உட்கார்ந்து நீ கவிதை எழுதியது எனக்கு மறக்கவில்லை. அந்தச் சந்து இல்லாவிட்டால் நீ எழுதத் தொடங்கியிருப்பாயா?

இன்னும் நுட்பமான ஓர் இடம் உண்டு. பழம்பொருள் கடைக்கு மேலே உள்ள அறையை வாடகைக்கு எடுத்து, காதலி ஜூலியாவை அங்கே சந்திக்கத் தொடங்கிய பிறகு வின்ஸ்டனின் புண் ஆறுகிறது. கணுக்காலில் பழுப்புத் தழும்பு மட்டும் மிஞ்சுகிறது. விடியற்கால இருமல் நிற்கிறது. உடம்பில் சதை பிடிக்கிறது. இரண்டே வரிதான், அவசரமாகப் படித்தால் நழுவிவிடும். அந்த அறைச் சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்னால் டெலிஸ்கிரீன் ஒளிந்திருந்தது தெரியவரும்போது அந்த ஆறிய புண்ணை நினைத்துப் பார். அவன் உடம்பு நம்பிய ஒரே இடம் அது.

கடைசியில் ஜூலியாவைக் காட்டிக்கொடுத்தானே என்று கேட்கிறாய். கொடுத்தான், மறுக்கவில்லை. ஆனால் அவன் சிறுவயதைப் பார். பசியில், நோயாளித் தங்கையின் பங்குச் சாக்லேட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன் அவன். அப்போது அவன் அம்மா அந்தக் குழந்தையைக் கையால் அணைத்து நெஞ்சோடு சேர்த்துக்கொள்கிறாள். அதனால் சாக்லேட் திரும்பி வரப்போவதில்லை, பசியும் தீரப்போவதில்லை, ஆனாலும் அணைக்கிறாள். அவன் திரும்பி வரும்போது வீட்டில் இருவருமே இல்லை. அம்மாவின் மேல்கோட்டு மட்டும் அங்கேயே இருக்கிறது.

இந்தக் கை நாவலில் முன்பே வந்துவிட்டது. நாட்குறிப்பின் முதல் பதிவில், குண்டு விழும் படகில் ஒரு பெண் சிறுவனைத் தன் கைகளால் மூடிக்கொள்கிற திரைப்படக் காட்சி. அதை ஏன் எழுதினோம் என்று அப்போது வின்ஸ்டனுக்கே புரியவில்லை. நெடுநாள் கழித்து, கடைக்கு மேலே உள்ள அந்த அறையில் கனவு கண்டு எழும்போதுதான் இரண்டு கைகளும் ஒன்று என்று அவனுக்குத் தெரிகிறது. அம்மாவைத் தான் கொன்றுவிட்டதாக அதுவரை நம்பியிருந்ததை ஜூலியாவிடம் சொல்கிறான். இத்தனை காலம் இதைச் சுமந்தவனைக் கோழை என்ற ஒரு சொல்லில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை, கண்ணம்மா.

என் பழைய பிரதியில் அந்த இரண்டு இடங்களுக்கும் பென்சிலால் கோடிட்டிருக்கிறேன். நாளை தபாலில் போடுகிறேன். கட்டுரையைத் திருத்துவதற்கு முன் ஒருமுறை படித்துவிடு.

அன்புடன்,
அம்மா