சிறுவாணியை விசாரித்த மகளுக்கு

சிங்காநல்லூர், கோவை
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மார்கழிப் பனிக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. பயப்படும்படி ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஊருக்கே திரும்பி வந்துவிடலாமா என்று யோசிக்கிறோம், ஊர் இப்போது எப்படி இருக்கிறது, உண்மையைச் சொல்லுங்கப்பா" என்றாய். பின்னாலிருந்து அம்மா "வரச் சொல்லுங்க, வரச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்ததில், நான் வெங்காய விலையைப் பற்றி ஏதோ பேசிப் போனை வைத்துவிட்டேன். மில்லின் டைம் ஆபீசில் 31 ஆண்டுகள் வருகைப் பதிவேடு எழுதியவன் நான். வேலைக்கு வராத ஆளுக்கு வந்ததாகக் குறி போட்டுவிட்டதைப் போல ஒரு வாரமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. எழுத்தில் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

நீ முதலில் விசாரித்தது சிறுவாணித் தண்ணீரை. செல்வபுரத்து வாடகை வீட்டில் குழாயைத் திறந்தால் வந்தது அந்தத் தண்ணீர். நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது இங்கே மூன்றே கால் சென்ட் வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தோமே, அப்போது விட்டுவிட்டு வந்தவற்றில் அதுவும் ஒன்று. சிங்காநல்லூருக்கு வருவது பில்லூர்த் தண்ணீர், அதாவது பவானி ஆற்று நீர். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை, இத்தனை வருடம் குடித்திருக்கிறோம். ஆனாலும் ஞாயிறுதோறும் காலையில் பத்து லிட்டர் கேன்கள் இரண்டை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு, ஆர்.எஸ்.புரத்தில் உன் அத்தை வீட்டுக்குப் போய்ப் பிடித்து வருகிறேன். வாரம் முழுவதும் காலைக் காபிக்கு மட்டும் அந்தத் தண்ணீர். சிறுவாணி அணை 1984இல் கட்டி முடிக்கப்பட்டது. அது இருப்பதோ கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். முழுக் கொள்ளளவான 50 அடிக்கு நீரைத் தேக்க விடாமல் அணையின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அவர்கள் முன்னதாகவே திறந்துவிடுவதும், நம்மவர்கள் மனு கொடுப்பதும் ஆண்டுதோறும் நடக்கிற திருவிழாவாகிவிட்டது. கோடையில் உன் அத்தை வீட்டிலேயே பல நாட்களுக்கு ஒரு முறைதான் வருகிறது. அப்போது நான் கேனோடு போய் நிற்பதை அவள் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொள்கிறாள் என்றாலும், எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அடுத்து ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது இன்னும் வருகிறது, மலையை யாரும் அடைத்துவிடவில்லை. வாசலில் போட்ட கோலம் நிற்காமல், கொடியில் காயும் வேட்டி பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும் அந்தக் காற்றுக்காகவே வேறெந்த ஊரிலும் எனக்குத் தூக்கம் வராது என்று நான் பெருமை பேசுவேனே, அதே காற்றுதான் இப்போது சில இரவுகளில் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கின் நாற்றத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. ஏறத்தாழ 650 ஏக்கர் இடம் அது. 2024 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்தபோது ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, வியர்வையில் நனைந்துகொண்டு படுத்திருந்தோம். ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்த ஊர் வெள்ளலூர் என்று நீ பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாய். அந்தக் காலத்து வணிகர்கள் அங்கே காசை விட்டுப் போனார்கள், நாம் குப்பையைக் கொட்டுகிறோம். உன் அறையில் போன சித்திரையில் ஏ.சி. மாட்டிவிட்டோம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், வந்து பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம். கோயம்புத்தூரில் ஏ.சி. போட்டவனைக் கேலி செய்த அப்பாதான் ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பேத்திக்கு மில் சங்கின் கதையைச் சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது. "தாத்தா, சங்கு எத்தனை மணிக்கு ஊதும்" என்று கேட்டாள். சங்கு ஊதுவதில்லை. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்ற பட்டம் எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை, அடுத்த வீட்டுக்காரன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் போல இருக்கும். ஆனால் இந்த ஊர் பஞ்சால் எழுந்த ஊர் என்பதில் பொய் இல்லை. 1888இல் ஸ்டேன்ஸ் மில்லும் 1910இல் லட்சுமி மில்லும் தொடங்கின. சுற்றிலும் கரிசல் மண்ணில் விளைந்த பருத்தியும், நூல் அறாமல் ஓடுவதற்கு வேண்டிய ஈரப்பதத்தைக் கொண்டுவந்த கணவாய்க் காற்றும் முன்பே இருந்தன. 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரமும் வந்து சேர்ந்ததும், அவிநாசி சாலையிலும் திருச்சி சாலையிலும் ஆலைகள் வரிசையாக எழும்பின. அரை நைட், முழு நைட் என்று ஊரே ஷிப்ட் கணக்கில் தூங்கி எழுந்தது. இன்று லட்சுமி மில் வளாகத்தில் பெரிய அங்காடி நடக்கிறது. அரசின் தேசியப் பஞ்சாலைக் கழகத்து ஆலைகளோ 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை.

எங்கள் மில் அதற்கெல்லாம் முன்னாலேயே மூடியது. அதன் பெயரை எழுத வேண்டாம், உனக்குத் தெரியும். கணக்கை முடித்துப் பணம் தர ஆறு ஆண்டுகள் ஆயின. வாங்க வேண்டியவர்களில் சிலருக்குப் பதிலாக அவர்களின் மனைவிமார்கள் வரிசையில் நின்றார்கள். அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். உன் பெரியப்பா பேரன் அங்கே ஒரு வீடு வாங்கி, போன தையில் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருந்தான். கேட்டில் ஒரு வடநாட்டுப் பையன் நோட்டை நீட்டினான். பெயர், போகும் வீட்டு எண், உள்ளே வந்த நேரம் என்று கோடு போட்ட நோட்டு. நூலில் கட்டிய பேனா. பழைய டைம் ஆபீஸ் இருந்த இடமே அதுதான், சுவரோரம் இருந்த வேப்பமரத்தை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். 9.10 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழக்க தோஷத்தில் எனக்கு முன்னால் எழுதியவர்களின் நேரத்தையும் ஒரு முறை சரிபார்த்தேன். உள்ளே போனால் லிப்ட், நீச்சல் குளம், குழந்தைகள் விளையாட நல்ல புல்தரை. நாங்கள் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த இடத்தில் குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்து வருத்தப்பட வேண்டுமா என்று நின்று யோசித்தேன், வருத்தம் வரவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்காமல் படுத்துவிட்டேன் என்பதும் உண்மை.

சாலைகளைப் பற்றியும் எனக்கு இரண்டு மனம்தான். மரங்கள் போன போது நீ இங்கேதான் இருந்தாய். சாலையோரத்துப் பெரிய மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்த அந்த ஆண்டுகளில் நீ கல்லூரியிலிருந்து அழுதுகொண்டு வந்ததை நான் மறக்கவில்லை. இப்போது அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டி, ஜி.டி. நாயுடுவின் பெயரை வைத்து, 2025 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். கட்டி முடிக்கும்வரை அந்தத் தூசியில் அதை நான் சபிக்காத நாள் இல்லை. போன மாதம் முழங்காலைக் காட்ட அம்மாவை ஆட்டோவில் அழைத்துப் போனபோது மேலே ஏறினோம். ஒரு சிக்னல் இல்லாமல் காற்று முகத்தில் அடிக்க, கட்டடங்களின் தலைகளைப் பார்த்துக்கொண்டு போனது எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் பழைய பேச்சையெல்லாம் எடுத்துப் போடுவாள்.

ஒன்றை மட்டும் நான் உன்னிடம் விரிவாகப் பேசியதே இல்லை. 1997 நவம்பர் இந்து-முஸ்லிம் கலவரத்துக்கு முன்பு, கோட்டைமேட்டிலிருந்து வரும் வைண்டிங் டிபார்ட்மெண்ட் முஸ்லிம் நண்பர் ஒருவரும் நானும் உக்கடத்தில் சேர்ந்து சுங்கம் வழியாகச் சைக்கிளில் மில்லுக்குப் போவோம். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். உனக்கு அப்போது ஏழு வயது; இரண்டு வாரம் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருந்தோம். மில் திறந்த பிறகு நான் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பத் தொடங்கினேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் நேரத்தை மாற்றிக்கொண்டார் என்பது பதிவேட்டில் எனக்குத் தெரிந்தது. பல ஆண்டுகள் கழித்து, கணக்குத் தீர்க்கும் வரிசையில் பார்த்தபோது, "சைக்கிள் இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார். மரியாதையான பேச்சுக்குப் பேர்போன ஊர் என்று யாராவது நம் ஊரைப் புகழும்போதெல்லாம் எனக்கு அந்த "ங்களா" காதில் விழுகிறது. அந்தப் பத்து நிமிடம் நான் முன்னதாகக் கிளம்பியிருக்கக் கூடாது.

எதிர்வீட்டு மாடியில் ஒடிசாப் பையன்கள் ஆறு பேர் குடியிருக்கிறார்கள். கணபதி பக்கம் பவுண்டரி வேலைக்குப் போகிறார்கள். நீ போகும்போது இந்தத் தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் கேட்டன, இப்போது இன்னும் இரண்டு மூன்று சேர்ந்திருக்கின்றன. அவர்களில் சின்னவன் மளிகைக்கடையில் "அண்ணா, ஏனுங்க, அரைக் கிலோ உருளைக்கிழங்கு" என்று வரிசையை மாற்றிப் போட்டுக் கேட்டதில் கடைக்காரர் சிரித்துக்கொண்டே இரண்டு கிழங்கைக் கூடப் போட்டார். என் வயதுக்காரர்கள் சிலர் இவர்கள் வந்ததால்தான் ஊர் கெட்டது என்கிறார்கள். வார்ப்படக் கொதியில் நிற்க நம் பிள்ளைகள் யாரும் போகவில்லை, என் பிள்ளையே ஜெர்மனிக்குப் போய்விட்டாள் என்பதால் நான் அந்தப் பேச்சில் சேர்வதில்லை.

ஆகவே கண்ணு, வா என்றும் எழுத மாட்டேன், வராதே என்றும் எழுத மாட்டேன். விருந்தாளியாக வந்து பதினைந்து நாளில் அன்னூரும் மருதமலையும் பேரூரும் சுற்றிவிட்டுப் போவதை விட்டுவிட்டு, ஆடியில் ஒரு மாதம் முழுவதும் இருப்பதுபோல வாருங்கள். மாப்பிள்ளை காலை ஒன்பது மணிக்குத் திருச்சி சாலையில் வண்டி ஓட்டிப் பார்க்கட்டும். நீ பேத்தியை அழைத்துக்கொண்டு சிங்காநல்லூர்க் குளத்தங்கரைக்குப் போய், ஆகாயத்தாமரைக்கு நடுவே நாரை நிற்பதையும் சாக்கடை வந்து விழுவதையும் ஒரே பார்வையில் பார். அந்த ஒரு மாதமும் ஊரை நான் திட்டிக்கொண்டே இருப்பேன், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. ஐம்பது ஆண்டாகத் திட்டுகிறேன், ஒரு நாளும் மூட்டை கட்டவில்லை. பள்ளிக்கூடச் சேர்க்கை விவரங்களை அம்மா ஏற்கெனவே நான்கு இடங்களில் விசாரித்துவிட்டாள், அது தனிக் கதை.

வரும்போது எனக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம். போன முறை கொண்டுவந்த சாக்லேட்டே பிரிட்ஜில் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா இதைப் படித்துவிட்டு, தண்ணீர் விஷயத்தில் நான் உண்மையை முழுவதும் எழுதவில்லை என்கிறாள். ஐப்பசியில் மழை விடாத ஒரு ஞாயிறு நான் அத்தை வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் காபியைக் குடித்துவிட்டு, "என்ன இருந்தாலும் சிறுவாணி சிறுவாணிதான்" என்று சொன்னேனாம். கேன் காலியாக இருப்பதை அவள் புதன்கிழமை வரை சொல்லவில்லை. மூன்று நாளும் அப்படித்தான் சொன்னேன் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள்.