திமில் வைத்துக் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் இறுதியாண்டுப் படைப்புகளை ஒப்படைத்தாயிற்று. தரையில் கோலம் போட உதவும் செயலி ஒன்று. சிங்கப்பூரின் பழைய சிராங்கூன் ரோட்டுப் படம் அச்சிட்ட அஞ்சலட்டையைக் கைப்பேசியில் பார்த்தால் அதன்மேல் மாடுகள் எழுந்து நடக்கும் செயலி இன்னொன்று. இரண்டின் முகப்பிலும் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. விதிமுறை அப்படி. அது எனக்கு உறுத்துவதால் இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பில் ஏஆர் என்போம், தமிழில் மிகைமெய் என்று எழுதுகிறார்கள். கண்ணெதிரே உள்ள காட்சியின்மேல் கணினி எதையாவது ஏற்றிக் காட்டும் வித்தை. எப்படி ஏற்றுவது என்று கற்றுத்தர யூடியூபில் ஏராளமானோர் இருக்கிறார்கள். எதை இறக்கிவைக்கலாம் என்று எனக்குச் சொன்னவர்கள் நீங்கள்தான்.

முதல் நன்றி எதிர்வீட்டுப் பாட்டிக்கு. கைப்பேசி ஒரு தரையைத் தரையென்று அறிய, கேமராவில் தெரியும் சின்னச் சின்ன அடையாளங்களைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கறை, ஒரு கீறல், ஓட்டின் மூலை, எதுவானாலும் போதும். நாம் கையை அசைக்கும்போது அவை எப்படி இடம் மாறுகின்றன என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். நம் வீவக அடுக்குமாடி வீட்டுத் தரைகளோ பளிங்குபோல் வழவழவென்று ஒரே நிறத்தில் இருக்கும். விளக்கு வெளிச்சம் வேறு அதில் பிரதிபலிக்கும். பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் என் கோலம் காரிடார் முழுக்க வழுக்கிக்கொண்டே போனது. பாட்டி கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வரும் கோலமும் சாதாரணமாக வராது. கோடு ஒளிரும், ஓரத்தில் பூ உதிரும், முடிந்ததும் மணி அடிக்கும்.

"இவ்ளோ மினுக்குனா புள்ளி எங்க இருக்குன்னு எப்படிடி தெரியும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் அரிசி மாவோடு வந்தார். குனிந்து வரிசையாகப் புள்ளி வைத்தார். "இப்ப காட்டு."

கோலம் நின்றது! வழவழத் தரையில் வெள்ளை மாவுப் புள்ளிகள். கேமராவுக்கு அதைவிட நல்ல பிடி வேறென்ன வேண்டும்? பாட்டிக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "புள்ளியையும் அதுவே வச்சுக்கிட்டா அப்புறம் நீ எதுக்கு?" என்றார். அன்றே பூவையும் மணியையும் நீக்கினேன். செயலி புள்ளி வைப்பதையே விட்டுவிட்டது. இப்போது மாவில் புள்ளி வைப்பது நம் வேலை. சிக்குக் கோலத்தின் கோடு எந்தப் புள்ளியை எந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று மெல்லிய வரியாகக் காட்டுவது மட்டும்தான் கைப்பேசியின் வேலை. அந்த வரியைப் பார்த்து மாவில் இழுப்பதும் நாம்தான். மதிப்பீட்டாளர்கள் வியந்து பாராட்டியது இந்த ஒன்றைத்தான். அந்தப் பாராட்டை அப்படியே எதிர்வீட்டில் சேர்த்துவிட்டேன். "மாவு காலியாயிருச்சு, வாங்கிட்டு வா" என்பது பதில்.

அடுத்தது மாடுகள். பஃபலோ ரோடு, கெர்பாவ் (மலாயில் எருமை) ரோடு என்ற பெயர்களே லிட்டில் இந்தியாவின் பழைய தொழிலைச் சொல்லிவிடும். சற்றுத் தள்ளியிருக்கும் பெலிலியோஸ் ரோடும் ஒரு மாட்டு வியாபாரியின் பெயர்தான். ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் சுற்றியிருந்த புல்வெளியும் 19ஆம் நூற்றாண்டில் அந்தத் தொழிலை அங்கே வளர்த்தன. அந்தக் காலத்தை அஞ்சலட்டையில் எழுப்ப வேண்டும் என்பது என் ஆசை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் முப்பரிமாண மாடுகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைத் திட்டுப் போட்ட ஐரோப்பியப் பால்மாடுகள். அதில் ஒன்றை வைத்து, பஃபலோ ரோட்டு அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், மாலைக் கடை அண்ணனிடம் காட்டினேன். மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த கை நிற்கவே இல்லை. தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தார்.

"திமில் எங்கம்மா? இது பால் பாக்கெட்ல வர்ற மாடு."

அண்ணே, அந்த ஒரு வார்த்தைக்கு நன்றி. திமில், தொங்கும் அலைதாடி, கொம்பின் வளைவு என்று பூ தொடுத்தபடியே நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்ட தாள் இன்னும் பத்திரமாக இருக்கிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அந்தத் திமிலைப் பொறுமையாகச் செதுக்கிக் கொடுத்த வகுப்புத் தோழிக்கும் நன்றி. தோழி வளர்ந்தது பொங்கோலில். மாட்டைத் தொட்டுப் பார்த்ததே கிடையாது. பொங்கலையொட்டி லிட்டில் இந்தியாவுக்கு மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் அல்லவா, அங்கே கூட்டிப்போனேன். குழந்தைகளுக்கு நடுவே நின்று, அது தலையை ஆட்டுவதையும் வாலால் ஈ விரட்டுவதையும் படம் பிடித்தாள். அஞ்சலட்டை மாடு வாலை வீசும் விதத்தில் ஒரு சோம்பல் இருக்கிறதென்றால் அது அன்றைக்கு அங்கே நின்ற மாட்டின் சோம்பல்.

அண்ணன் கடைக்கு முன்னால் ஞாயிறு மாலையில் சோதனை செய்ததையும் சொல்ல வேண்டும். மாடு தெருவிலேயே நிற்கும் இன்னொரு வடிவத்தை அப்போது முயன்றுகொண்டிருந்தேன். ஆழத்தை அளக்க முடியாத கைப்பேசிகளில், மாட்டுக்கு முன்னால் ஆள் நடந்து போனாலும் ஆளின் மேலேயே மாடு தெரியும். ஞாயிறு கூட்டத்தில் எத்தனை பேர் என் மாட்டின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வந்தார்கள் என்று சொல்லி முடியாது. தெருவை விட்டுவிட்டு அஞ்சலட்டையோடு நிறுத்திக்கொள் என்று விரிவுரையாளர் சொன்னது அந்தக் காணொளியைப் பார்த்த பிறகுதான். சார், அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று அட்டைகளைப் பார்க்கும்போது நன்றியைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் அச்சுக்கடை ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. இந்த மடலை அவருக்கு வாசித்துச் சொல்வேன். பளபளப்பான லேமினேஷன் கேட்ட என்னிடம் விளக்கைக் காட்டி, தாளைக் காட்டி, வேண்டாம் என்று கையசைத்தவர் அவர். வெளிச்சம் பட்டு மின்னினால் கேமரா படத்தை அடையாளம் காணாது. மங்கலான மேட் தாளில்தான் எங்கள் அட்டைகள் பிழைத்தன.

எழுத்து விவகாரம் தனிக் கதை. செயலியை உருவாக்கும் யூனிட்டி மென்பொருளில் நாங்கள் பயன்படுத்திய எழுத்துக் கருவிக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. யுனிகோடில் முதலில் மெய், பிறகு உயிர்க்குறி என்பதுதான் வரிசை. கொம்பையும் சங்கிலியையும் எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது காட்டும் மென்பொருளின் பொறுப்பு. அது நடக்காததால் "தெரு" என்பதில் கொம்பு தகரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. இதைச் சரிசெய்ய உட்கார்ந்தவன் தமிழே தெரியாத என் சீன நண்பன். சரியான வடிவத்தையும் தவறான வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். கண்ணால் பார்த்தே விதியைப் பிடித்துவிட்டான். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலி மூன்றையும் முன்னுக்குத் தள்ளி, "கொ" போன்றவற்றை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைத்தான். உகர, ஊகார வரிசை வந்ததும் "ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளைகிறது?" என்று தலையில் கைவைத்தான். 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 வடிவம். கடைசியில், கைப்பேசியே எழுதிக் காட்டும் தமிழ்ச் சொல்லைப் படமாக எடுத்து ஒட்டும் வழியைக் கண்டுபிடித்தான். இரண்டு வழியும் இப்போது எங்களிடம் இருக்கின்றன.

அந்த நாள்களில் எனக்கு நா. கோவிந்தசாமி அவர்களின் நினைவுதான். 1995இல் இதே ஊரிலிருந்து தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றியவர், கணினியில் தமிழைப் பயன்படுத்த உதவிய கணியன் மென்பொருளை உருவாக்கியவர். அவர் மறைந்த 1999இல் நான் பிறக்கவே இல்லை. எழுத்துரு, விசைப்பலகை, குறியீடு எதுவும் தயாராக இல்லாத காலத்தில் அவர் பட்ட பாட்டோடு பார்த்தால், எங்கள் கொம்பு எந்தப் பக்கம் நின்றது என்பதெல்லாம் ஒரு தொல்லையா? வகுப்பில் யாரும் இவர் பெயரைச் சொல்லவில்லை. நூலகத்தில் உதவிய அக்கா சொல்லித்தான் தெரியும்.

அந்த அக்காவுக்கு இன்னும் கடன்பட்டிருக்கிறேன். தமிழ் முரசின் பழைய இதழ்களைக் கணினியில் எப்படித் தேடுவது என்று காட்டினார். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நேர்காணல்களில் தமிழிலும் பேசியிருக்கிறார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். எந்தத் தெரு என்று உறுதியாகாத ஓர் அழகான படத்தை, "இது வேணாம், சொல்ல முடியாததைச் சொல்லாத" என்று தடுத்தார். அந்தப் படத்தை நினைத்தால் இன்றும் ஆசையாகத்தான் இருக்கிறது.

தேசிய சேவையிலிருந்து வார இறுதியில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தன் கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தூங்கிய என் கூடப்பிறந்த அண்ணனுக்கு: கேமராவும் உணர்வான்களும் வரைகலையும் ஒன்றாக ஓடினால் எந்தக் கைப்பேசியும் சூடாகும். பேட்டரி பழுதாகவில்லை, நம்பு. அம்மா, நீங்கள் ஊற்றித் தந்த தே ஓவையெல்லாம் (பால் சேர்க்காத தேநீர்) எழுதினால் இடம் போதாது.

பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும் என்றீர்கள்.

தமிழ் எழுத்தைக் கோக்கும் நிரல் யாருக்கு வேண்டுமானாலும் தருகிறோம், நண்பனும் சம்மதித்துவிட்டான். திமில் மாட்டையும் எடுத்துக்கொள்ளலாம், தோழிக்கு ஒரு வார்த்தை சொன்னால் மகிழ்வாள். கோலச் செயலியில் புள்ளி எண்ணும் குரல் மட்டும் எதிர்வீட்டுப் பாட்டியுடையது. அது வேண்டுமென்றால் அவரிடமே வந்து கேட்க வேண்டும். வரும்போது அரிசி மாவு கொண்டுவாருங்கள்.

நன்றியுடன்,
இறுதியாண்டு மாணவி