கருத்தரிக்கும் முன்பே ஒரு எக்கோ

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் (காய்ச்சலோடு மூட்டுவலியும் வரும் நோய்) என் அக்கா மகளுக்கு இதயத்தின் இடப்பக்கம் உள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. அது யாருக்கும் தெரியாது. ஆறாம் மாதம் மூச்சு வாங்கியபோது, கர்ப்பம் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். படுக்கவே முடியாமல் போன பிறகுதான் எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்தோம். பலூன் வைத்து வால்வை விரித்துத் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார்கள்.

கர்ப்பத்தில் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். சுருங்கிய வால்வு அதை எப்படித் தாங்கும்? கடுமையான மைட்ரல் சுருக்கத்தை உலக சுகாதார நிறுவன வகைப்பாடு ஆபத்தின் உச்ச நிலையான நான்காம் பிரிவில் வைத்திருக்கிறது. வால்வைச் சரிசெய்த பிறகே கருத்தரிக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

கருத்தரிக்கும் முன்பே கண்டறிவதுதான் நல்லது. அது நடக்காவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும் அன்றாவது, சிறுவயதில் காய்ச்சலோடு மூட்டுவலி வந்ததா என்று கேளுங்கள். ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயத்தையும் கேளுங்கள். சந்தேகம் வந்தால் உடனே எக்கோவுக்கு அனுப்புங்கள்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்