கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பண்பாடு என்றாலே பட்டுப்புடவையும் மேடை நடனமும்தான் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெங்களூரு அல்சூரில் பிறந்த என் பேத்திக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் போன வாரம் பாடப்புத்தகத்தில் கால் பட்டதும் சட்டென்று குனிந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பாட்டி செய்வதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

அதே பிள்ளை கன்னடப் புத்தாண்டான யுகாதியன்று எதிர்வீட்டுக் கன்னட அஜ்ஜி (பாட்டி) தரும் வேப்பம்பூவையும் வெல்லத்தையும் முகம் சுளிக்காமல் மென்று விழுங்குகிறாள். இதுவும் அவளுடைய பண்பாடுதான். கலப்படம் என்று குறைசொல்லும் உறவினர்களோடு எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

அல்சூர் ஏரி அருகே 18 ஆண்டுகள் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. மாலை போடுவதோடு நின்றுவிடாமல், இங்குள்ள தமிழ் அமைப்புகள் ஞாயிறுதோறும் தாத்தா பாட்டிகளையும் பேரப்பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் பேசவிட வேண்டும். அக்கம்பக்கத்துக் கன்னடப் பிள்ளைகளும் வரட்டும். போட்டியும் பரிசும் வேண்டாம். சுண்டல் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு