வெடிச்சத்தத்தை நான் விடவில்லை

மதிப்பிற்குரிய சிறுகதைப் போட்டி நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். ஆந்திராவின் தடா பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த பத்தாம் வகுப்பு மாணவியின் விண்வெளிக் கதையைப் பற்றித்தான் எழுதுகிறேன். முடிவு வந்த பிறகு அவள் வீட்டார் மறுமதிப்பீடு செய்யச் சொல்லி இரண்டு முறை கேட்டதும், "நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்று இரண்டு முறையும் ஒரே வரியில் நீங்கள் பதில் அனுப்பியதும் உங்களுக்கே தெரியும். நான் ஆரம்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாநில எல்லை தாண்டி வந்து அவள் கொடுத்த நோட்டைத் தட்டச்சு செய்தவன் நான்தான். அந்த வகையில் எனக்கும் இதில் பங்குண்டு.

திரும்பி வந்த தாளில், நான்காம் பக்கத்து ஓரத்தில், "வெடிச்சத்தம் விடுபட்டுள்ளது" என்று சிவப்பு மையில் எழுதி மூன்று மதிப்பெண் குறைத்திருக்கிறீர்கள். விண்கலத்தின் எரிபொருள் கலன் ஓசையில்லாமல் வெடித்துச் சிதறும் இடம் அது. மறுநாள் அவள் தாய் கடைக்கு வந்து, "அண்ணா, அடிக்கும்போது ஏதாவது வரி விட்டுப்போய்விட்டதா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நோட்டை வைத்துக்கொண்டு வரி வரியாக ஒத்துப் பார்த்தோம். ஒன்றும் விடுபடவில்லை. சத்தம் போகக் காற்று வேண்டும், அங்கே காற்று கிடையாது, அதனால் அவள் எழுதவில்லை. அவ்வளவுதான்.

இதை அவளுக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் எங்கள் ஊரில் எல்லாரும் மொட்டை மாடியில்தான் நிற்போம். முதலில் வெளிச்சம். நெருப்புத்துண்டு ஒன்று சத்தமே இல்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் கழிந்த பிறகுதான் உறுமல் வந்து என் கடை ஷட்டர் நடுங்கும். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 போனபோதும் அப்படித்தான். காற்று இருக்கும் இடத்திலேயே சத்தம் இத்தனை தாமதமாக வந்து சேர்வதைப் பார்த்து வளர்ந்தவளிடம், காற்றே இல்லாத இடத்தில் சத்தத்தைக் கேட்கிறீர்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. "ஒரு செய்தி வந்து சேர நான்கு ஆண்டா? நம்பும்படி இல்லை."

ஐயா, அம்மா, கதையிலேயே முழுக்க நம்பத் தகுந்த வரி அதுதான். சூரியனுக்கு அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. ஒளியே நான்கு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் வழியில் செய்தி மட்டும் எப்படி முந்தும்? அவள் கதையில் மகளை அந்த நட்சத்திரத்துக்குக் கொண்டுபோகும் கலம் ஒளியின் பாதி வேகத்தில் போகிறது. அதுவே பெரிய கற்பனைதான். 1977இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் போகும் வேகத்தில் அந்தத் தொலைவைக் கடக்க எழுபதாயிரம் ஆண்டுக்கு மேலாகும். பாதி வேகத்தில் எட்டரை ஆண்டுப் பயணம். "வந்து சேர்ந்தேன் அம்மா" என்ற செய்தி திரும்ப இன்னும் நான்கேகால் ஆண்டு. ஆகவே மகளை வழியனுப்பிய தாய்க்குப் பதில் கிடைக்கப் பன்னிரண்டே முக்கால் ஆண்டு. அத்தனை வேகத்தில் போகும் கலத்துக்குள் கடிகாரம் மெதுவாக ஓடுவதால் மகளுக்கு வழியில் ஒரு வயது குறைவாகவே கூடுகிறது. அதைக்கூட விடாமல், மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் வர்க்கமூலம் எடுத்துக் கணக்குப் போட்டிருந்தாள். ரசீது நோட்டுக்குள்ளேயே இருந்தது. இத்தனை ஆண்டு யார் காத்திருப்பார் என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். கடல் தொழிலுக்குப் போகிறவரின் வீடு அது.

அவள் கலத்துக்கு வரைந்த பெரிய தகடுகளைச் சுழித்து, "விண்வெளி குளிர்தானே, எதற்கு?" என்று கேட்டதற்கு எங்கள் ஊர் டீக்கடை பிளாஸ்கே பதில் சொல்லும். அதன் சுவர்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் சூட்டை எளிதில் வெளியே விடாது. சர்வதேச விண்வெளி நிலையமும் சூட்டைக் கதிராக வெளியேற்ற அப்படிப்பட்ட தகடுகளை விரித்துக்கொண்டுதான் சுற்றுகிறது.

முதல் பரிசு பெற்ற பிள்ளையைக் குறை சொல்லவில்லை. திரையில் பார்த்ததை எழுதியிருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் மணல் லாரிகள்போல் நெருக்கியடித்து வரும் விண்கற்களை உங்களில் ஒருவராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? 1973இலேயே பயனியர் 10 விண்கலம், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள விண்கல் பட்டையைப் பத்திரமாகக் கடந்துவிட்டது. இடைவெளி அவ்வளவு பெரிது. ஒரு கோள் முழுக்கப் பாலைவனமாம், அடுத்தது முழுக்கக் காடாம். தடாவிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போவதற்குள் ஏரி, உப்புச்சேறு, காடு, கடல் எல்லாம் வந்துவிடுகின்றன. எங்களுக்கு ஒரு கோளுக்கான சரக்கைத் தாராளமாகவே கொடுத்துவிட்டார்கள் போலும்.

ஒளியை மிஞ்சும் கலம் கதையில் வரக்கூடாது என்பவனல்ல நான். 1994இல் அல்குபியரே என்ற மெக்சிகோ இயற்பியலாளர், கலத்துக்கு முன்னால் வெளியைச் சுருக்கிப் பின்னால் விரித்துப் போகலாம் என்று ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டுக்கு உள்ளேயே ஒரு கணக்குக் காட்டினார். அதற்கு எதிர்மறை ஆற்றல் வேண்டும். அதை எங்கே வாங்குவது என்றுதான் யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு சலுகையைத் தெரிந்து கேட்டு வாங்கிக்கொண்டு எழுதினால் விடிய விடிய படிப்பேன். இயற்பியல் விதியை மீறிய பிள்ளைக்குப் பரிசு கொடுங்கள், ஆட்சேபம் இல்லை. விதியைக் காத்த பிள்ளைக்கு அதற்காகவே மதிப்பெண் குறைக்காதீர்கள்.

விண்ணப்பத்தில் மாவட்டப் பெயர்களெல்லாம் தமிழ்நாட்டினவாகவே இருந்ததால் ஆந்திரப் பெண் திருவள்ளூர் என்று பொய் எழுத நேர்ந்ததை இன்னொரு மடலில் எழுதுகிறேன். கோபத்தில் ஏதேதோ சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

நான் கேட்பது முன்பு அவர்கள் கேட்டதுதான். அவள் கதையை இயற்பியல் படித்த ஒருவரிடம் கொடுத்து மறுபடி மதிப்பிடச் சொல்லுங்கள். பள்ளி ஆசிரியர் ஒருவர் போதும். பரிசு வராவிட்டாலும் பரவாயில்லை. ஓரத்தில் உள்ள அந்தக் குறிப்புகளை அடித்துவிட்டுத் தாளைத் திருப்பி அனுப்புங்கள். அவள் தாய் இன்னும் என் தட்டச்சைத்தான் சந்தேகப்படுகிறார்.

இப்படிக்கு,
ஆரம்பாக்கம் ஜெராக்ஸ் கடைக்காரன்