சிறு பிள்ளைகளுக்குப் பார்க்க ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வந்த சுற்றுலாக் கட்டுரையில் எங்கள் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பழங்கால மரத்துக்கு மூன்றே வரி ஒதுக்கி, 'சிறு பிள்ளைகளுக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை' என்று முடித்திருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் பெரம்பலூர் மாவட்டத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே காலடி வைத்து அளந்தார்கள். "டீச்சர், மரம்னா ஏன் மக்கிப் போகல?" என்று ஒருவன் கேட்டான். சுமார் 12 கோடி வருஷத்துக்கு முன் இந்தப் பக்கம் கடல் இருந்தது, அடித்து வரப்பட்ட மரம் சேற்றில் புதைந்து காற்றுப் படாமல் கிடந்தது, தண்ணீரில் கரைந்திருந்த தாதுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் ஏறிக் கல்லாக்கின என்று சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து அடுத்தடுத்த கேள்வி கேட்டார்கள். 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்ததும், அது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த வரியை எப்படி அச்சில் ஏற்றினீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் கட்டுரையாளர் மட்டுமல்ல, எல்லோருமே இப்படித்தான் நினைக்கிறார்கள். ஒருமுறை நூறு நாள் வேலையில் குளம் வெட்டிய பள்ளத்தின் ஓரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். மேலே கரிசல், அதற்குக் கீழே வெளுத்த சுக்கான் கல், அதற்கும் கீழே மஞ்சள் களிமண் என்று வெட்டுவாயில் மண் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. கரிசலை ஈரப்படுத்தி உருட்டினால் திரியாக நீளும், ஆற்று மணல் உதிர்ந்துவிடும், இதைப் பிள்ளைகள் கையாலேயே செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுக்கான் கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டதும் நுரைத்தது, அம்மிக்கல் துண்டில் விட்டபோது ஒன்றும் ஆகவில்லை. சுண்ணாம்பு இருந்தால்தான் நுரைக்கும் என்று அவர்களே சொன்னார்கள். அந்த நேரம் பார்வையிட வந்த அதிகாரி, பாடம் நடத்தாமல் பிள்ளைகளை மண்ணில் விளையாட விட்டிருக்கிறீர்களே என்று எல்லோர் முன்னிலும் கடிந்துகொண்டார். அந்தப் பிள்ளைகள் செய்துகொண்டிருந்ததுதானே பாடம்? அப்புறம் சில பெற்றோரும் சட்டையில் கறை என்று புகார் சொன்னார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், துவைப்பவர்கள் அவர்கள்தானே.

காரை கிராமத்துப் பக்கத்து ஓடைகளில் மழை பெய்து ஓய்ந்ததும் போனால், கணவாய் இனத்தைச் சேர்ந்த, அழிந்துபோன பெலெம்னைட் என்ற கடல் உயிரியின் புதைபடிவங்கள், அதாவது கல்லாகிப்போன எச்சங்கள், மண்ணுக்கு மேலேயே கிடக்கும். அம்மோனைட் என்ற, ஓடுள்ள பழங்காலக் கடல் உயிரியின் புதைபடிவத்தைப் பார்த்த ஒரு பிள்ளை, ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்டிருக்கே என்றாள். பார்க்கலாம், வரையலாம், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும், சுத்தியல் கூடாது. எங்கள் பள்ளியில் இதுதான் விதி. சின்ன வயதில் இந்தப் பழக்கம் வந்தால் பெரியவர்களானதும் அவற்றை விற்கத் துணியமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

2020-இல் குன்னம் பக்கம் மண் எடுத்தபோது கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று ஊர் முழுக்கப் பரப்பினார்கள். அவை அம்மோனைட் சார்ந்த புதைபடிவங்கள் என்று அறிஞர்கள் சொன்னது அந்த வேகத்தில் பரவவில்லை. பள்ளியிலேயே கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து வளர்ந்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்குமா? அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகச் சுண்ணாம்புக்கல் போகிறது. அதில் சிப்பி ஓடுகள் அப்படியே தெரியும். லாரியை எங்கள் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள், உள்ளே போவது என்ன என்று சொல்லித்தர மட்டும் யாருக்கும் நேரமில்லை. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. ஆனாலும் பள்ளிச் சுற்றுலா என்றால் பஸ் நேராக நீர் விளையாட்டுப் பூங்காவுக்குத்தான் போகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரியைத் திருத்தி அடுத்த ஞாயிறு ஒரு சிறு குறிப்பு போடுங்கள். சிறுவர் பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது நம் ஊர் மண், கல் பற்றிக் கால் பக்கம் தாருங்கள். படங்கள் தேவைப்பட்டால் எங்கள் பிள்ளைகள் வரைந்தவற்றை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
பெரம்பலூர் மாவட்டம்