மிளகுப் பணமும் பேரப்பிள்ளைகளும்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்பு நண்பா,

உன் கடிதமும் கொடுத்தனுப்பிய மிளகும் நேற்று வந்து சேர்ந்தன. பையைப் பிரித்ததும் ஏற்காட்டு மணம் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. இந்த வருடம் கொடிகள் நன்றாகக் காய்த்ததில் எனக்கும் மகிழ்ச்சி.

பேத்தி பெயரில் இரண்டரை லட்சம், பேரன் பெயரில் இரண்டரை லட்சம் என வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். குழந்தைகளுக்கு ஏது வருமான வரி என்றும் கேட்டிருக்கிறாய். அதைப் படித்தவுடன் பேனாவை எடுத்துவிட்டேன். அவசரப்பட்டுப் போட்டுவிடாதே.

என் மகள் ஏழாம் வகுப்பு படித்தபோது நானும் இதே எண்ணத்தில்தான் அவள் பெயரில் பணம் போட்டேன். பணத்தை வாங்கிக்கொண்ட வங்கியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்று வருடம் கழித்து ஆடிட்டர் வட்டிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உங்கள் வருமானத்தில் சேர வேண்டியது" என்றார். வரியையும், தாமதத்துக்கு அதன் மேல் வட்டியையும் சேர்த்துக் கட்டினேன்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் வட்டி வருமானம், தாய் தந்தையரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேர்ந்துவிடும். பிள்ளை தன் உழைப்பாலோ திறமையாலோ ஈட்டுவது அதில் சேராது. உன் மிளகு விளைச்சல் வருமானத்துக்கு வரி இல்லை. தாத்தா பேரனுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கும் வரி இல்லை. ஆனால் அந்தப் பணம் வங்கியில் ஈட்டும் வட்டி விவசாய வருமானம் ஆகாது. உன் வீட்டில் மருமகளுக்குத்தானே சம்பளம் அதிகம்? 7 சதவீதம் என்று வைத்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து வருடம் 35,000 ரூபாய் வட்டி. பழைய வரி முறையில் பிள்ளைக்கு 1,500 வீதம் கழித்து, மீதி 32,000 அவர் தலையில் ஏறும். 20 சதவீத வரி கட்டுபவர் என்றால் 6,400 ரூபாய் போய்விடும். புதிய முறையில் அந்த 1,500 கழிவும் கிடையாது.

பேத்திக்கு எட்டு வயதுதானே? செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கப் பத்து வயது வரை இடம் உண்டு. வட்டியை 2024 ஜனவரியில் 8.2 சதவீதமாக உயர்த்தினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும். அந்த வட்டிக்கு வரியே இல்லை, எந்த வரி முறையிலும். வருடத்துக்கு 250 ரூபாயாவது கட்ட வேண்டும், உச்சவரம்பு ஒன்றரை லட்சம். மார்ச் 31க்குள் ஒன்றரை லட்சம் கட்டிவிட்டு, மீதியை அடுத்த நிதியாண்டுக் கணக்கில் ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் கட்டு. ஐந்தாம் தேதி தாண்டினால் அந்த மாத வட்டி போய்விடும். ஒன்றை மட்டும் நன்றாக யோசித்துக்கொள். கணக்கு முதிர 21 வருடம். அதற்கு முன் அவள் பத்தாம் வகுப்பு முடித்தாலோ பதினெட்டு வயதானாலோ படிப்புச் செலவுக்குப் பாதி வரை எடுக்கலாம். இடையில் தோட்டத்துக்குக் கம்பி வேலி போட வேண்டும் என்று அதில் கை வைக்க முடியாது.

பேரனுக்கு, நம் ஊர் அஞ்சலகங்களில் பொன்மகன் என்று சொல்கிறார்களே, அந்தப் பொது வைப்பு நிதிக் (பி.பி.எஃப்.) கணக்கு. 7.1 சதவீதம், 15 வருடம், இதிலும் வட்டிக்கு வரி இல்லை. பிள்ளை கணக்கும் காப்பாளரின் சொந்தக் கணக்கும் சேர்ந்துதான் வருடத்துக்கு ஒன்றரை லட்சம். மருமகள் ஏற்கெனவே தன் பெயரில் கட்டிவருகிறார் என்று சொன்னாய். அதனால் உன் மகனைக் காப்பாளராகப் போடு. இரண்டு கணக்கையும் பெற்றோர்தான் தொடங்க வேண்டும், தாத்தா தொடங்க முடியாது.

என் கருத்தைக் கேட்டால், ஐந்து லட்சத்தையும் பூட்டிவைக்காதே. இரண்டு லட்சத்தை உன் பெயரிலேயே வைப்பில் வைத்து, பிள்ளைகளை நாமினியாகப் பதிவு செய். மூத்த குடிமக்களுக்கு வட்டி சற்றுக் கூடுதல், உன் மற்ற வருமானமும் குறைவு. பிள்ளைகளின் படிப்புக்கு என்று நீ நினைத்தாலே போதும், அது அவர்கள் பணம்தான்.

போன மாதம் என் பேரனுக்குப் பத்து வயது முடிந்தது. தலைமை அஞ்சலகத்தில் அவனே வரவு செலவு செய்யும் சேமிப்புக் கணக்கு தொடங்கினோம். ஐந்நூறு ரூபாய் போதும், வட்டி 4 சதவீதம்தான். முந்தின இரவு செய்தித்தாளின் ஓரம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுப் பழகினான். காலையில் சீட்டில் 'ஐந்நூறு' என்று எழுதும்போது மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். பாஸ்புத்தகத்தை இப்போது பள்ளிப் பையிலேயே வைத்திருக்கிறான், என் மகள் எவ்வளவு சொல்லியும் எடுக்கமாட்டேன் என்கிறான்.

மார்ச் முடிவதற்குள் மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு இறங்கி வா. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் ஆதார், பான் அட்டை எல்லாம் கொண்டு வரச் சொல். மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில்.

உன் நண்பன்